ஒப்பந்தப் புத்தகத்தில் இருக்கும் ஆங்கிலம்

(ஈப்போவில் நடந்த தோட்டத் தொழிலாளர் குடும்பக் கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிக் கூட்டம் என்றால் நாற்காலி போதாது. பரீட்சையைப் பற்றிக் கூட்டம் என்றால் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும். இன்று அப்படி இல்லை என்பதைக் காண மெத்த மகிழ்ச்சி அடைகிறேன். நான் பேச வந்த விஷயமும் ஒரு வகையில் சம்பள விஷயமே.

நம் பிள்ளைகள் ஆறாம் படிவம் படித்து எஸ்.டி.பி.எம். எழுதினாலும் சரி, மெட்ரிகுலேஷன் முடித்தாலும் சரி, அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குப் போக இன்னொரு தேர்வும் எழுத வேண்டும். அதற்கு மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு என்று பெயர். பிள்ளைகள் 'மூவெட்' என்பார்கள். 1999-ஆம் ஆண்டில் வந்தது. அதில் தேறுவது, தவறுவது என்பது கிடையாது. படித்தரம் போட்டுக் கொடுப்பார்கள். மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கு உயர்ந்த படித்தரம் கேட்பார்கள். மற்றப் பாடங்களிலெல்லாம் நல்ல புள்ளி வாங்கிய பிள்ளை, இந்த ஒரு தாளில் படித்தரம் குறைந்ததால் விரும்பிய படிப்பை விட்டு வேறொன்றுக்குப் போவதை நாம் பார்க்காமலா இருக்கிறோம்? அந்தப் பிள்ளைக்குப் புத்தி குறைவில்லை. வீட்டில் தமிழ், இடைநிலைப் பள்ளியில் மலாய், மூன்றாவதாகத்தான் ஆங்கிலம். மூன்றாவது மொழியில் அவனை நிறுத்து எடை போடுகிறார்கள்.

இந்தக் குறை இன்று நேற்று வந்ததல்ல. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும். வைத்தார்கள். பல இடங்களில் அது ஒரு கொட்டகை. கணக்கு எழுதிய கிராணியோ, கையெழுத்துத் தெரிந்த கங்காணியோ வாத்தியார். அங்கே தமிழில் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஆங்கிலம் இருந்ததெல்லாம் பட்டணத்தில். ஈப்போவில் ஏ.சி.எஸ். பள்ளி 1895-இல் வந்தது, ஆண்டர்சன் பள்ளி 1909-இல் வந்தது, செயின்ட் மைக்கேல் 1912-இல் வந்தது. லயத்துப் பிள்ளைக்கு அங்கே போகப் பஸ் காசும் இல்லை, பள்ளிச் சம்பளமும் இல்லை. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் வகுப்பு வகுப்பாக மலாய்க்கு மாறின. அது நாட்டின் மொழி. அதைக் குறை கூற நான் வரவில்லை. ஆனால் ஆங்கிலத்துக்கு வழி முன்னே தூரத்தால் அடைபட்டிருந்தது, பின்னே வாரத்துக்குச் சில பாடவேளையாகக் குறுகியது. இன்றோ ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் கலைந்து, நம் ஜனங்கள் புந்தோங்குக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் குடிவந்துவிட்டார்கள். பள்ளி பக்கத்தில் வந்துவிட்டது. ஆங்கிலம் மட்டும் இன்னும் தூரத்திலேயே நிற்கிறது.

என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லுகிறேன், சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நான் தேர்வுக்குப் படித்த காலத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருநூறு ஆங்கிலச் சொற்களை எழுதி, பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ் அர்த்தம் போட்டு, கந்தர் சஷ்டி கவசம் மாதிரி ஒப்பித்தேன். அதில் 'யீல்ட்' என்று ஒரு சொல். அது எனக்கு ஏற்கெனவே தெரியும். ஒரு மரம் தரும் பால் அளவுக்குத் தோட்டத்தில் அதுதானே பேச்சு! தேர்வில் ஒரு வாசகம் வந்தது: தொழிலாளரின் கோரிக்கைக்கு அரசாங்கம் 'யீல்ட்' ஆக மறுத்தது என்று. அரசாங்கம் ஏன் பால் கொடுக்க மறுத்தது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். அந்தச் சொல்லுக்கு விட்டுக்கொடுப்பது, பணிவது என்றும் பொருள் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. நான்கு கேள்விகள் அந்த ஒரு சொல்லோடு போயின. சொல் எனக்குத் தெரிந்திருந்தது. அது இருக்கும் வீடு தெரியவில்லை.

ஆகையால் பட்டியலை ஒப்பிக்கும் பிள்ளையைக் கண்டால் எனக்குப் பயமாக இருக்கிறது. பட்டியலே கூடாது என்று சொல்லவில்லை. எந்தப் பட்டியல் என்பதுதான் கேள்வி. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் என்ற வெள்ளைக்காரர், வங்காளத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தோடு படும் பாட்டைப் பார்த்து 1926-இல் ஒரு புத்தகம் எழுதினார். பேச்சை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் வாசிக்கச் சொல்லிக்கொடுங்கள் என்பது அவர் கட்சி. அவரே 1953-இல், ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் சுமார் இரண்டாயிரம் சொற்களைத் திரட்டி வெளியிட்டார். பிறகு 2000-ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் ஆவரில் காக்ஸ்ஹெட் என்ற அம்மையார், பல்கலைக்கழகப் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களைப் பொறுக்கி எடுத்தார். பல்கலைக்கழகப் பாடத்தில் நூறு சொல் எடுத்தால், வெஸ்டின் சொற்கள் ஏறக்குறைய 76, இந்த அம்மையாரின் சொற்கள் 10. ஆக 86 சொல்லுக்கு வழி தெரிந்துவிட்டது. மிச்சம் 14-க்காகப் பயந்து அகராதி முழுவதையும் விழுங்க வேண்டியதில்லை.

இப்போது தோழர்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். அந்த 570-இல் என்னென்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். எஸ்டேட் இருக்கிறது. லேபர் இருக்கிறது. காண்டிராக்ட், இன்கம், பெனிபிட், மினிமம், இன்சென்டிவ், காம்பென்சேட், கன்சல்ட், வெல்பேர் எல்லாம் இருக்கின்றன. இவை எங்கே கேட்ட சொற்கள்? மாப்பா என்னும் தோட்ட உரிமையாளர் சங்கத்தோடு நமது தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் கேட்டவை! சம்பளத் தகராறு என்று தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போகும்போதெல்லாம் காதில் விழுந்தவை! பல்கலைக்கழகப் பேராசிரியர் பாடப் புத்தகத்தில் எழுதும் சொல்லும், நம் தலைவர்கள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து வாதாடிய சொல்லும் ஒன்றேதான். ஒப்பந்தத்தின் ஆங்கில வாசகம் கிளை அலுவலகத்து அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது. பிள்ளைக்கு அதைவிட நல்ல வாசிப்புப் புத்தகம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. அப்பாவின் சம்பளம் எப்படிக் கணக்கானது என்று அறியும் ஆசை எந்தப் பிள்ளைக்குத்தான் இல்லை?

இன்னொரு சொத்தும் நம் பிள்ளைகள் கையில் இருக்கிறது. அதுதான் மலாய். பள்ளியில் அவர்கள் தினம் எழுதும் கொந்த்ராக், இன்சென்திப், பொசிதிப், சித்துவாசி, பொபுலாசி, குவாலிதி எல்லாம் எங்கிருந்து வந்தவை? மலாயில் 'சி' என்று முடியும் இத்தகைய சொற்கள் பல ஆங்கிலத்தில் 'ஷன்' என்று முடியும். 'திப்' என்பது 'டிவ்' ஆகும். இதைப் பத்து நிமிஷம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால், தெரியாது என்று பயந்த சொற்களில் ஒரு பங்கு தெரிந்த சொல்லாகிவிடும். மூன்று மொழி சுமை சுமை என்கிறோம். இந்த இடத்தில் ஒரு மொழி மற்றொன்றுக்குத் தோள் கொடுக்கிறது.

சரி, எப்படி வாசிப்பது? இதைப் பால்வெட்டுத் தொழிலாளிக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று மரமாகி நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் பிரேசிலில் மரத்தைச் சிறு கோடரியால் கண்ட இடத்தில் கொத்திப் பால் எடுத்தார்கள். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் இருந்த ரிட்லி என்பவர், ரப்பர் நடுங்கள் நடுங்கள் என்று எல்லோரையும் நச்சரித்ததால் பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் வாங்கியவர், ஒன்றைக் கண்டுபிடித்தார். புது இடத்தில் கொத்துவதைவிட, பழைய வெட்டையே மெல்லிசாகச் சீவித் திறந்தால் பால் கூடுதலாக வருகிறது. முதல் நாளைவிட அடுத்த தடவை அதிகம். நாம் உளி பிடிப்பது அந்த முறையில்தான். ஆழமாக வெட்டினால் மரம் புண்ணாகும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டினால் மரம் தாங்கும்.

வாசிப்பதும் அப்படியே. தினம் ஒரு புதுப் பக்கம் என்று கொத்திக்கொண்டு போகாதீர்கள். ஏறக்குறைய முந்நூறு சொல் உள்ள ஒரு பக்கத்தை எடுத்து, முதல் தடவை அகராதியைத் தொடாமல் கடைசிவரை வாசித்துவிட்டு, தெரியாத சொல்லுக்கு அடிக்கோடு போட வேண்டும். பதினைந்துக்கு மேல் கோடு விழுந்தால் அந்தப் பக்கம் இப்போதைக்கு வேண்டாம்; எளிதான ஒன்றை எடுக்கலாம். ஆறுக்குள் விழுந்தால் துணையில்லாமலே புரியும். பிறகு முன்பின் வாக்கியத்தை வைத்து அர்த்தத்தை ஊகித்து, அதற்குப் பிறகே அகராதி. ஒரு நாள் விட்டு அதே பக்கத்தைத் திரும்ப வாசிக்க வேண்டும். அதற்கடுத்த வாரம் இன்னொரு தடவை. எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனை செய்து, மனப்பாடம் செய்தது எவ்வளவு சீக்கிரம் மறந்துபோகிறது என்று 1885-இலேயே எழுதி வைத்தார். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் அது தங்குகிறது என்றும் கண்டார். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்றே சொல். மாதத்துக்கு 45. பதின்மூன்று மாதத்தில் அந்த 570 முடியும். ஆறாம் படிவமோ ஒன்றரை வருஷம்.

தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மட்டும் கடிகாரத்தை எடுங்கள். 2021 முதல் உள்ள முறையில், வாசிப்புத் தாளில் 40 கேள்விகள், 75 நிமிஷம். வாசிக்கும் நேரத்தையும் சேர்த்துக் கேள்விக்கு இரண்டு நிமிஷம்கூட இல்லை. முன்னே வாசிப்புக்கு மொத்தத்தில் நாற்பது விழுக்காடு இருந்தது. இப்போது கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்குக்கும் சமம். அதனால் வாசிப்பு முக்கியமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. வாசிக்காத பிள்ளைக்கு எழுதச் சொல் எங்கிருந்து வரும்?

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். செக்ரோல் மூடிய பிறகு வாரத்துக்கு ஒரு மணி நேரம், நாலு பிள்ளைகளை உட்கார வைத்து ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் வாசியுங்கள். உச்சரிப்புச் சுத்தமாக இல்லையே என்று கூச வேண்டாம். ஈப்போவுக்கு வரும் பிள்ளைகளுக்குத் துன் ரசாக் நூலகம் இருக்கிறது. உட்கார்ந்து வாசிக்கக் காசு கேட்கமாட்டார்கள்.

தாய்மார்கள், "எனக்கு ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாதே, நான் என்ன செய்ய?" என்று கேட்பார்கள். உங்களுக்குத்தான் முக்கியமான வேலை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை. பழைய காலண்டர் தாள் போதும். ஒரு பக்கம் அந்தச் சொல் வந்த ஆங்கில வாக்கியம் முழுவதும். சொல்லை மட்டும் எழுதினால் என் 'யீல்ட்' கதைதான். மறுபக்கம் அந்த வாக்கியத்தின் பொருள், தமிழில். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் தமிழ்ப் பக்கத்தை வாசியுங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லட்டும். தயங்கினால் அந்த அட்டையை மேலே வையுங்கள், நாளை மறுநாள் மறுபடி கேட்கலாம். தடுமாறுகிறானா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்கத் தாய்க்கு ஆங்கிலம் வேண்டியதில்லை. அந்தக் கொட்டகைப் பள்ளியில் நீங்கள் படித்த தமிழ் இதற்குப் போதும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே இடத்தில் முதல் ஐம்பது அட்டைகளை எழுதப் போகிறோம். ஒப்பந்தப் புத்தகத்தை நான் எடுத்து வருகிறேன். வீட்டில் கத்தரிக்கோல் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள்.