எத்தனை ஓம்?
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"எது வேணா பேசுங்க, பத்து நிமிஷத்துல முடிச்சிடுங்க" என்று செயலாளர் சொல்லிவிட்டார். ஆகவே ஒரே ஒரு பொருளைப் பற்றிப் பேசுகிறேன். பழைய காரில் இருக்கும் இக்னிஷன் காயில். பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக ஏற்றி, பிளக்கில் பொறி பறக்க வைப்பது அதுதான்.

எங்கள் வீட்டில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு உண்டு. 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி. 948 சி.சி. எஞ்சின். என் தந்தையார் அதை விற்க மனம் வராமல் வைத்திருந்தார். ஒருநாள் காயில் போய்விட்டது. நான் கடைக்குப் போய், "12 வோல்ட் காயில் ஒண்ணு குடுங்க" என்றேன். பளபளவென்று ஒன்று கொடுத்தார்கள். மாட்டினேன். மூன்று நாள் நன்றாகவே ஓடியது.

நான்காம் நாள் இரவு, திண்டிவனம் தாண்டி வரும்போது வண்டி நின்றது. பின் சீட்டில் அப்பா. வயது எண்பது, ரத்தக் கொதிப்பு வேறு. பக்கத்தில் லாரிகள் விர்விர்ரென்று போகின்றன. அரைமணி கழித்துக் கிளம்பியது, கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. மூன்றாம் தடவை கிளம்பவே இல்லை. "பயப்படாதே, மெதுவாப் பாரு" என்று அப்பா எனக்குத் தைரியம் சொன்னார். அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

டீக்கடைக்காரர் ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தார். அவர் காயிலைத் தொட்டதும் கையை உதறிக்கொண்டார். பாயின்டைத் திறந்தால் கருகிக் கிடந்தது. காயில் ஆறும்வரை காத்திருந்து, ஒயரைக் கழற்றி மீட்டர் வைத்தார். "ஒன்றரை ஓம் காட்டுது சார். இது பேலஸ்ட் வச்ச வண்டிக்குள்ளது. எத்தனை ஓம்னு கேட்டு வாங்கலையா?" என்றார். ஓம் விதியில் முழு மதிப்பெண் வாங்கிய நான் வாயடைத்து நின்றேன்.

கணக்கைப் பாருங்கள். பேலஸ்ட் இல்லாத 12 வோல்ட் வண்டிக்கு சுமார் 3 ஓம் காயில் வேண்டும். பாயின்ட் மூடியிருக்கும்போது 4 ஆம்பியர் ஓடும். ஒன்றரை ஓம் காயில், வெளியே இன்னொரு ஒன்றரை ஓம் பேலஸ்டோடு சேர்ந்து வேலை செய்யப் பிறந்தது. அப்போதும் அதே 4 ஆம்பியர்தான். காயிலில் 24 வாட் சூடு. பேலஸ்ட் இல்லாமல் நேரே கொடுத்தால் 8 ஆம்பியர், 96 வாட். நாலு மடங்கு! காயில் வேகாமல் என்ன செய்யும்? பாயின்ட் கருகாமல் என்ன செய்யும்? இரண்டுமே "12 வோல்ட்" என்ற பெயரில்தான் கடையில் விற்கின்றன.

நேர்மாறாக, பேலஸ்ட் உள்ள வண்டியில் 3 ஓம் காயிலை மாட்டினால் இரண்டே முக்கால் ஆம்பியர்கூட ஓடாது. பொறி சோர்ந்துவிடும், காலையில் கிளம்ப அடம்பிடிக்கும்.

ஆகவே வாங்கும் முன் உங்கள் வண்டியில் பேலஸ்ட் இருக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் அது தனிக் கட்டையாக இல்லாமல் ஒயருக்குள்ளேயே ஒளிந்திருக்கும். கடையில் மீட்டரை வைத்து, இரண்டு சிறு முனைகளுக்கு நடுவே அளந்து வாங்குங்கள். "ஹை பவர்" என்று ஆசை காட்டும் ஒரு ஓமுக்கும் குறைந்த காயில்கள் எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கானவை. பாயின்ட் வண்டிக்கு ஆகாது.

முனை மாறாமல் மாட்டுங்கள். நெகட்டிவ் எர்த் வண்டியானால் காயிலின் பிளஸ், சாவிப் பக்கம். மைனஸ், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம். பாசிட்டிவ் எர்த் உள்ள பழைய வண்டிகளில் இது தலைகீழ். மாறினாலும் வண்டி ஓடும், ஆனால் பொறி தாவ அதிக வோல்ட் கேட்கும். எஞ்சின் ஓடாதபோது சாவியைப் போட்டபடி விடாதீர்கள். பாயின்ட் மூடியிருந்தால் காயில் சும்மாவே வேகும். இன்னொன்று, கண்டென்சர் கெட்டாலும் இதே தொல்லைதான். அதைப் பார்க்காமல் காயிலின் மேல் பழி போடாதீர்கள்.

அன்றிரவு அந்த மெக்கானிக், தன் பெட்டியிலிருந்த பழைய 3 ஓம் காயிலைப் போட்டு, பாயின்டைத் தேய்த்து அனுப்பினார். விடிவதற்குள் அப்பாவை வீடு சேர்த்தேன். பழைய காயில் ஆண்டுக்கணக்கில் உழைத்தது.

தம்பி தங்கைகளே, விதி எனக்குத் தெரியாமல் இல்லை. கடையில் நிற்கும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். பரீட்சை முடிந்ததும் சூத்திரத்தை நோட்டிலேயே விட்டுவிடாதீர்கள். மீட்டரோடு சேர்த்துக் கையில் எடுத்துப் போங்கள்.