நட்டபின் யார் பொறுப்பு?

(சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மரம் நடுவது விழா. மரம் வளர்ப்பது கடமை. விழாவிற்குக் கூட்டம் தானே சேரும். கடமைக்கு ஆள் தேடவேண்டியிருக்கும். ஆண்டுதோறும் எத்தனையோ பொது வளவுகளில் கன்றுகள் நடப்படுகின்றன. அடுத்த கோடை முடியும்போது எத்தனை எஞ்சின என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. ஆகவே இன்று ஒரு பூமரத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அதனைத் தெரிவதும் நடுவதும் பேணுவதும் எவ்வாறெனச் சிந்திப்போம்.

அம்மரம் ஆங்கிலத்தில் கிரேப் மேர்ட்டில் எனப்படுவது. சுருக்கம் விழுந்த கிரேப் துணியைப் போன்ற இதழ்களால் வந்த பெயர் அது. 1759ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இதற்கு லாகர்ஸ்ட்றோமியா இண்டிக்கா எனப் பெயரிட்டார். கீழைநாட்டுத் தாவரங்களைத் தமக்குத் தேடிக்கொடுத்த லாகர்ஸ்ட்றோம் என்னும் வணிக நண்பரின் பெயரை அவர் இவ்வாறு நிலைநிறுத்தினார். நம் நாட்டில் இயற்கையாக வளரும் பூமருது, சிங்கள மக்கள் முருத என்று அழைப்பது, இதற்கு நெருங்கிய உறவாகும்.

உறவாயினும் உருவம் வேறு. பூமருது 10 மீற்றருக்கும் மேல் ஓங்கும். ஈரலிப்பான நிலத்தை விரும்பும். கிரேப் மேர்ட்டில் பெரும்பாலும் 6 அல்லது 7 மீற்றருடன் நின்றுவிடும். வேரூன்றிய பின்னர் வறட்சியையும் ஓரளவு தாங்கும். 1 மீற்றருக்கு மேல் உயராத குறுஞ்சாதிகளும் உள. ஆதலால் முதலில் இடத்தை அளப்போம். பின்னர் மரத்தைத் தெரிவோம். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடம் வேண்டும். நிழலில் நின்றால் பூக் குறையும்; இலையில் வெண்சாம்பல் நோயும் படரும். இந்நோயைத் தாங்கவல்ல சாதிகளை அமெரிக்கத் தேசிய மரப்பூங்கா அறிஞர்கள் உண்டாக்கியுள்ளனர். 1978இல் வெளிவந்த, வெண்பூப் பூக்கும் நச்செஸ் அவற்றுள் ஒன்று.

நடுவதற்கு ஏற்ற காலம் மாரியின் தொடக்கம். கன்றின் வேர்க்கட்டியைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலமாகக் குழி வெட்டுவோம். ஆழம் வேர்க்கட்டியின் உயரத்தை மிஞ்சலாகாது. தண்டு வேராக மாறும் இடம் நிலமட்டத்தில் இருக்கவேண்டும். அதனை மண்ணுள் புதைத்தல் கேடு. தோண்டிய மண்ணையே திரும்ப இட்டு, நன்றாக நீர் ஊற்றுவோம். சுற்றிலும் சருகு பரப்பலாம். ஆனால் அது தண்டைத் தொடலாகாது. பசளையை அள்ளிக் கொட்டுவதும் அன்பாகாது. அதனால் இலை செழிக்கும், பூ குறையும்.

இனிக் கத்தரித்தலைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். புதிதாகத் தளிர்க்கும் கொம்பிலேயே இம்மரம் பூக்கும். ஆகையால் தளிர் விடுமுன் காய்ந்த கொம்பு, ஒன்றோடொன்று உராயும் கொம்பு, அடியிற் கிளம்பும் முளை ஆகியவற்றை நீக்கினாற் போதும். சிலர் ஆண்டுதோறும் மரத்தின் தலையையே வெட்டிவிடுகின்றனர். வெட்டிய இடத்தில் முண்டுகள் திரளும். அங்கிருந்து நெடிய மெல்லிய கொம்புகள் கிளம்பிப் பூவின் பாரம் தாங்காது வளையும். இக்கொடுமைக்குப் பெரும்பாலும் காரணம் யாது? சிறிய இடத்தில் பெரிய மரத்தை நட்டமையே. தெரிவிற் செய்த பிழைக்கு மரம் தண்டனை பெறுகின்றது!

நண்பர்களே, கன்று வேரூன்றும்வரை, குறைந்தது இரண்டு கோடைகளாவது, தவறாது நீர் வேண்டும். பொது வளவில் நட்ட கன்றுகள் பட்டுப்போவதற்குக் காரணம் இங்கேதான் உள்ளது. நிருவாக சபை ஆண்டுக்கு ஒருமுறை மாறுகின்றது. நட்டவர் பதவியை விட்டுச் செல்கின்றனர். வந்தவர் அதனைத் தமது கன்றாக எண்ணுவதில்லை. கிணறு அருகிருந்தும் கன்று தாகத்தால் சாகின்றது.

ஆகவே ஒன்று செய்வோம். பத்துக் கன்று நட்டுப் படம் பிடிப்பதிலும் இரண்டு கன்று நட்டு வளர்ப்பது மேல். நட்டவரின் பெயரைப் பலகையில் எழுதுமுன், இரண்டு கோடைகளுக்கும் நீர் ஊற்றுவோரின் பெயர்களைக் கிழமைவாரியாக எழுதிவைப்போம். புதிய சபையிடம் கணக்கேட்டை ஒப்படைக்கும் நாளிலேயே அப்பட்டியலையும் ஒப்படைப்போம். மண்ணின் இயல்பறிந்த பெரியோர் வழிகாட்ட, வாளி தூக்கும் கைகள் எம்முடையனவாகட்டும்.