பேங்க் பங்கா, கரண்ட் பங்கா?

நேற்று ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஆரம்பித்த வாக்குவாதத்தை மேடையில் முடிக்கச் சொல்லிவிட்டார்கள். பங்கு வாங்கினால் பேங்க்கா, கரண்ட் கம்பெனியா?

நான் பாய்லர் பக்கத்து ஆள். அதனால் முதலில் என்.டி.பி.சி. அனல் மின் நிலையத்தில் போட்ட சொந்த முதலுக்கு 15.5 சதவீத வருமானத்தை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையமே கட்டணத்தில் சேர்த்துவிடுகிறது. நிலையம் 85 சதவீதம் தயார்நிலையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நிலக்கரிச் செலவு மின்சாரம் வாங்குகிறவர் தலையில். ஆனால் லாபம் திடீரென்று இரட்டிப்பாகாது. மின்வாரியங்கள் பாக்கியை இழுத்தடிப்பது தனிக்கதை!

பேங்க் அப்படியில்லை. 100 ரூபாய் கடனில் சொந்தப் பணம் ஏதோ பத்துப் பன்னிரண்டு ரூபாய். மீதி பெரும்பாலும் நம் வீட்டார் போட்ட டெபாசிட். கடன் ஒழுங்காகத் திரும்பினால் பங்கு பறக்கும். அந்தப் பத்து ரூபாய் வராமல் போனால்? 1926-இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் பேங்க், 2020 நவம்பரில் டி.பி.எஸ். பேங்க்குடன் இணைக்கப்பட்டது. டெபாசிட்காரருக்கு ஒரு பைசா குறையவில்லை. பங்குக்காரருக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை.

எங்கப்பா வேறொரு பேங்க்கில், பேர் வேண்டாம், பி.எஃப். பணத்தில் பாதியைப் பங்காகப் போட்டார். "டெபாசிட்டும் அங்கேதானேடா இருக்கு" என்பார். இரண்டும் ஒன்றில்லை என்று நான் சொல்லவே இல்லை. மகன் எஞ்சினீயர்! அந்தப் பங்கு இன்றைக்கும் வாங்கின விலையில் பாதிக்குத்தான் நிற்கிறது.

இப்போது எந்த பேங்க் ஆண்டறிக்கை வந்தாலும் லாபத்தை அப்புறம்தான் பார்க்கிறேன். முதலில் வாராக்கடன் பக்கம். செயலாளர் மணியைக் காட்டுகிறார், பந்தியும் தயாராம்.