நோயாளியின் கையில் ஒரு பொத்தான்
(சங்கத்தின் ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)



இலக்கியமும் இசையும் முழங்கிய இம்மேடையில் மருத்துவமனைச் செய்தியொன்றைப் பேச வந்துள்ளோம். நாம் மருத்துவர் அல்லோம். இருப்புப்பாதை அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டும் எழுத்தர். கற்றதும் மெட்ரிகுலேஷன் அளவே. ஆயினும், இம்மாளவ நாட்டில் வந்து குடியேறிய நம்மவருள் எவரேனும் அறுவை மருத்துவத்திற்குச் சேர்க்கப்படுங்கால், படிவம் நிரப்பவும் இந்தியில் எடுத்துரைக்கவும் நம்மைத் துணைக்கு அழைப்பது வழக்கமாகிவிட்டது. அவ்வாறு சென்ற இடங்களில் மருத்துவரிடமும் செவிலியரிடமும் கேட்டும், பின்னர்ப் படித்தும் அறிந்தவற்றையே இன்று உங்கள்முன் வைக்கின்றோம்.

வலி என்பது பிறர் கண்ணுக்குப் புலனாகாத பொருள். காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. இரத்த அழுத்தத்தை அளக்கவும் கருவி உண்டு. வலியை அளப்பதற்கோ, அதனைத் துய்ப்பவரின் வாய்ச்சொல்லையன்றி நம்பத்தக்க அளவுகோல் வேறில்லை. தமிழில் அதற்கு எத்தனை சொற்கள்! குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு, 'விண் விண்' எனத் தெறித்தல் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு துன்பத்தைக் குறிக்கும். ஊரிலிருந்து மகன் வீட்டிற்கு வந்த மூதாட்டி இச்சொற்களையெல்லாம் அறிவார். ஆனால் கட்டிலருகே நிற்கும் செவிலிக்கு அவற்றுள் ஒன்றும் விளங்காது. செவிலி கேட்பது மூதாட்டிக்கு விளங்காது. முடிவில் அவர் வாய்மூடிக் கிடப்பார். குறிப்பேட்டிலோ 'வலி இல்லை' என்று எழுதப்பட்டுவிடும்.

இதனோடு நம் வீட்டுப் பழக்கமும் சேர்ந்துகொள்கின்றது. "பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா, இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று அன்போடுதான் சொல்கின்றோம். பொறுமை நற்குணமே, மறுப்பாரில்லை. ஆனால் வயிற்றிலோ மார்பிலோ அறுவை செய்துகொண்டவர் வலிக்கு அஞ்சி ஆழ்ந்து மூச்சு வாங்கமாட்டார், இருமிச் சளியை வெளியேற்றமாட்டார், எழுந்து நடக்கமாட்டார். சளி தங்கினால் நுரையீரலில் நோய் பற்றக்கூடும்; கால்கள் அசையாது கிடந்தால் அவற்றின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையக்கூடும். ஆதலின், அறுவைக்குப் பிந்திய வலியைத் தணிப்பது நோயாளிக்குச் செய்யும் சலுகையன்று; மருத்துவத்தின் ஒரு பகுதியே ஆகும்.

முன்னாளில் இதற்கு வகுத்திருந்த முறை யாது? 4 மணி அல்லது 6 மணி நேரத்திற்கு ஒருமுறை தசையில் ஊசி போடுவது. நோயாளி வலியென்று கூப்பிட வேண்டும். செவிலி வர வேண்டும். பூட்டிய அலமாரியைத் திறந்து, பதிவேட்டில் கையொப்பமிட்டு மருந்தை எடுக்க வேண்டும். ஊசி போட்ட பின்னரும் மருந்து உடலில் ஊறச் சிறிது நேரம் செல்லும். முதலில் மருந்து மிகுந்து மயக்கம். பிறகு அது குறைந்து மீண்டும் வலி. இவ்வாறு மேடும் பள்ளமுமாகவே நோயாளியின் நாள் கழிந்தது.

இக்குறையைத் தீர்க்க 1960களில் அமெரிக்க மருத்துவர்கள் முயன்றனர். மருந்தைச் சிறு சிறு அளவாக நேரே இரத்தக் குழாயில் செலுத்தினால் குறைந்த மருந்திலேயே வலி தணிவதைக் கண்டனர். நோயாளி வேண்டும்போதெல்லாம் அவ்வாறு சிறிதளவு செலுத்தும் முறையைப் பிலிப் செக்சர் என்னும் மருத்துவர் ஆராய்ந்து 1968இல் வெளியிட்டார். நோயாளியே இயக்கத்தக்க பொறி பின்னர் அமைந்தது. வேல்சு நாட்டின் கார்டிப் நகரில் உருவாகி 1976இல் வெளிவந்த 'கார்டிப் பாலியேட்டர்' என்பதே விற்பனைக்கு வந்த முதற்கருவி. இன்று மருத்துவமனைகளில் இதனை 'பி.சி.ஏ. பம்பு' என்று வழங்குகின்றனர்.

இதன் அமைப்பு எளிது. மார்பின் அல்லது ஃபென்டனில் போன்ற மருந்து நிரம்பிய குழல் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். அங்கிருந்து மெல்லிய குழாய் ஒன்று, 'நரம்பு ஊசி' என்று நாம் பேச்சில் வழங்கும் ஊசி வழியே கையின் இரத்தக் குழாயைச் சேரும். பெட்டியிலிருந்து வரும் கம்பியின் நுனியில் ஒரு பொத்தான்; அது நோயாளியின் கையில். வலி தோன்றும்போது அழுத்தினால் குறித்த சிற்றளவு மருந்து செல்லும். மார்பினாயின் பெரும்பாலும் ஒரு முறைக்கு 1 மில்லிகிராம்.

"கையில் கொடுத்துவிட்டால் ஓயாமல் அழுத்திக்கொண்டேயிருப்பாரே?" என்று அன்பர்கள் வினவலாம். இருப்புப்பாதை அன்பர்களுக்கு இதற்கு விடை கூறுதல் எளிது. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் நீல்ஸ் பால் டோக்கன் கருவியைக் கண்டவர்கள் இங்கு உளர். ஒரு நிலையத்தில் ஒரு டோக்கனை எடுத்துவிட்டால், அது மறுமுனைக் கருவியிலோ எடுத்த கருவியிலேயோ சேரும்வரை இரு முனைகளிலும் இன்னொன்று வெளிவராது. எவர் எத்துணை முயன்றாலும் வராது. பம்பும் அவ்வாறே. ஒருமுறை மருந்து சென்றபின், மருத்துவர் குறித்த நேரம் கழியும்வரை, பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடம் வரை, அது பூட்டிக்கொள்ளும். அதற்குள் எத்தனை முறை அழுத்தினும் மருந்து வாராது. சில மணி நேரத்திற்கு இவ்வளவே என்று மொத்த வரம்பும் இடலாம்.

எழுத்தராகிய நமக்கு மிகவும் உவப்பான செய்தி ஒன்றுண்டு. அப்பெட்டி பதிவேடும் வைத்திருக்கின்றது. எத்தனை முறை அழுத்தினார், அவற்றுள் எத்தனை முறை மருந்து சென்றது என்னும் இரண்டு கணக்கும் அதில் இருக்கும். 10 முறை மருந்து சென்ற காலத்தில் 40 முறை அழுத்தியிருந்தால், அளவு போதவில்லையோ, அல்லது பயன்படுத்தும் முறை விளங்கவில்லையோ என்று மருத்துவர் ஆராய்வார். மருந்து வாராத அழுத்தமும் வீணன்று; இந்தி அறியாத மூதாட்டி சொல்லவியலாத சொல் அங்கே எண்ணாகப் பதிந்துவிடுகின்றது.

இனி, இவ்வுரையில் நீங்கள் தவறாது நினைவிற் கொள்ள வேண்டிய ஒன்றைச் சொல்கின்றோம். அப்பொத்தானை நோயாளியன்றி வேறெவரும் அழுத்தலாகாது. மகனும் ஆகாது, மகளும் ஆகாது. காரணம் யாதெனில், மருந்து சற்று மிகுந்தால் நோயாளிக்கு உறக்கம் வரும். உறங்குபவர் பொத்தானை அழுத்தமாட்டார். அதற்குள் மருந்தின் வேகம் தணியும். இப்பொறியின் முதற்காவல் இதுவே. "அம்மா உறங்குகிறார், விழித்தால் வலிக்குமே" என்று பரிவோடு மகள் ஒருமுறை அழுத்தினால் அக்காவல் உடைந்துபோகும். மூச்சு குறைந்து உயிருக்கே கேடு நேரலாம். இத்தகைய விபத்துகளைச் சுட்டி, அமெரிக்க மருத்துவமனைகளை மதிப்பிடும் அமைப்பு 2004இல் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. அன்பும் சிலவேளைகளில் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்க வேண்டும்.

பொறியால் குறையே இல்லையென்று கூறுவதற்கில்லை. குமட்டல், அரிப்பு, மலச்சிக்கல் ஆகியன நேரலாம். மூச்சின் எண்ணிக்கையையும் உறக்க நிலையையும் செவிலியர் அடிக்கடி பார்த்துக் குறிக்க வேண்டும். மருந்து மிகுந்தால் முறிக்க நாலாக்சோன் என்னும் மருந்து உண்டு. உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயுள்ளவர், சிறுநீரகக் குறையுள்ளவர், தூக்க மாத்திரை உட்கொள்பவர் ஆகியோர் அதனை முன்னரே மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். அறிவு தெளியாதவர்க்கும் பொத்தானை அழுத்தவியலாதவர்க்கும் இம்முறை பொருந்தாது. எல்லா மருத்துவமனைகளிலும் இப்பொறி கிடைப்பதுமில்லை.

"அபினி மருந்தாயிற்றே, பழக்கமாகிவிடாதா?" என்னும் அச்சமும் நம்மிடையே உண்டு. மாசி மாதத்தில் மந்தசூர், நீமச் பக்கம் இரயிலில் செல்பவர்கள் இருமருங்கும் வெள்ளைப் பூக்கள் மலர்ந்த வயல்களைக் கண்டிருப்பர். அரசு உரிமம் பெற்றுப் பயிரிடும் அபினிச் செடி அது. அதன் விதைதான் நம் வீட்டுக் குருமாவில் அரைத்துவிடும் கசகசா. அதன் காயைக் கீறி வடிக்கும் பாலிலிருந்துதான் மார்பின் கிடைக்கின்றது. அவ்வாறு மருந்துப் பொருள்களைப் பிரித்தெடுக்கும் அரசுத் தொழிற்சாலை நீமச்சிலேயே உள்ளது. ஆயினும், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் விதித்த கடுமையான நடைமுறைகளால், மார்பின் வேண்டிய நோயாளிகள் பலர்க்கு அது எட்டாப் பொருளாயிற்று. 2014இல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினர். அறுவைக்குப் பின் ஓரிரு நாள், மருத்துவர் மேற்பார்வையில், வலிக்கெனக் கொடுக்கும் மருந்தை அடிமையாக்கும் போதையோடு ஒன்றாக எண்ணி அஞ்சி, கைக்கெட்டிய நிவாரணத்தைத் தள்ளுதல் நேரிதன்று. முன்பே போதைப் பழக்கம் உள்ளவராயின் மருத்துவரிடம் மறையாது கூறுதல் வேண்டும்; அவ்வளவே.

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம், நோய் தீர்வதற்குத் துணையாவன நான்கினை எண்ணுகையில், நோயுற்றவரையே முதலில் வைக்கின்றது. மருத்துவர் அதன் பின்னரே. நோயாளியின் கையில் பொத்தானைக் கொடுத்த அறிஞர்கள் அக்குறளை அறிந்திருக்கமாட்டார்கள். ஆயினும் அவர்கள் கொடுத்த இடம் அம்முதலிடமே. ஆனால், கையில் கொடுத்தால் மட்டும் போதாது. அது எதற்கென்று விளங்க வேண்டும். மயக்கம் தெளியாத நிலையில் அயல்மொழியில் கூறினால் என்ன விளங்கும்? அறுவைக்கு முதல் நாளே, நோயாளியின் தாய்மொழியில், நிதானமாகக் கூற வேண்டும். "வலி முற்றும்வரை காத்திராதீர்கள்; எழுந்து நடப்பதற்கும் இருமுவதற்கும் சில நிமிடம் முன்னரே அழுத்துங்கள்; அடிக்கடி அழுத்துகிறோமே என்று கூசாதீர்கள்" என்னும் மூன்றினைத் தமிழில் சொல்வதற்கு ஒருவர் வேண்டும்.

அவ்வொருவரைத் தருதல் சங்கத்தின் கடன் என்று கருதுகின்றோம். நம்முள் இந்தி நன்கறிந்த ஆடவர் சிலரும் மகளிர் சிலரும் தம் பெயரைச் செயலாளரிடம் பதிவு செய்துகொள்க. நம்மவர் ஒருவர் அறுவைக்குச் சேர்ந்த செய்தி வந்தால், முதல் நாள் மாலை ஒருவர் சென்று, அவர்க்கு எம்முறையில் வலி தணிப்பார்கள் என்று மருத்துவரிடம் கேட்டறிந்து, நோயாளிக்கும் வீட்டார்க்கும் விளக்குக. பம்பு இல்லாத இடங்களில் '0 முதல் 10 வரை வலி எவ்வளவு?' என்று செவிலியர் கேட்பர். 'ஏக்' முதல் 'தஸ்' வரை எண்களையும், வலியைக் குறிக்கும் 'தர்த்' என்னும் ஒரு சொல்லையும் வீட்டுப் பெரியவர்களுக்குக் கற்பித்துவிட்டால் அதுவே பாதி மருந்து.

தமிழை வளர்ப்பது சங்கத்தின் நோக்கம். நோய்ப்படுக்கையில் ஒரு தமிழரின் வலியை அவர்தம் மொழியில் கேட்பதும் அந்நோக்கத்தினுள் அடங்கும் என்பதே நம் கருத்து.