நாற்காலி எங்கே?

நடுவர் அவர்களே! "ஊரை விட்டுப் பட்டணம் வந்தவன் பிழைச்சுக்கிட்டான்"னு எதிரணிச் சகோதரி சொன்னாங்க. பிழைச்சான், இல்லேங்கல. எப்படிப் பிழைச்சான்?

தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போங்க. நமக்குப் புடவை எடுத்துப் போடுற பிள்ளைகளில் நிறையப் பேர் நெல்லை, தூத்துக்குடிச் சீமை. ஆற்றுத் தண்ணீர் எட்டாத மானாவாரிக் காடு. நாலு பேர் வேலைக்கு ஏழு பேர் நின்னா, மூணு பேர் ரயிலேறத்தானே செய்வான்?

ஆர்தர் லூயிஸ்னு ஒரு பொருளாதார அறிஞர், 1979-ல் நோபல் பரிசு பெற்றவர். கிராமத்தில் ஆள் மிச்சமிருக்கிற வரைக்கும் பட்டணத்துக் கூலி பெரிசா ஏறாதுன்னு 1954-லேயே எழுதினார். ஜவுளிக்கடை முதலாளிக்கு அது படிக்காமலே தெரியும்! "நீ போனா இன்னொருத்தன்!" (சிரிப்பு)

கூலியை விடுங்க. காலையிலிருந்து ராத்திரி வரை நின்னுகிட்டே வேலை. 2010-ல் 'அங்காடித் தெரு' படம் பார்த்து அழுதோம். அழுதுட்டு அதே தெருவுக்குத்தான் தீபாவளித் துணி எடுக்கப் போனோம். கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. ஊழியர் உட்கார இருக்கை தரணும்னு அதில் 22-அ பிரிவைச் சேர்த்தது 2021-ல்! கேரளாவே 2018-ல் முந்திக்கிட்டது. (கைதட்டல்)

சகோதரி அடுத்த முறை புடவை எடுக்கப் போகட்டும். அந்த மாடியில் நாற்காலி இருக்கா, இருந்தா அதில் யாராவது உட்கார்ந்திருக்காங்களா, பார்த்துட்டு வந்து பேசட்டும்.