சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் ஆர்.என்.ஏ.யை ஆளும் புரதங்களும்

(சங்கக் கிளை ஒன்றின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர் அல்ல. ஆராய்ச்சிக்கூடத்தில் ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறோடு காலம் கழித்தவன். "புதிதாக என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள், எங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லுங்கள்" என்று நம் செயலாளர் கேட்டுக்கொண்டார். நம் சங்கத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் அதிகம். அதனால் அந்த வயதில் வரக்கூடிய, ஆனால் வெளியே பேசக் கூச்சப்படுகிற ஒரு வியாதியை எடுத்துக்கொண்டேன். அதுதான் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்.

உலகில் 2022-ம் ஆண்டில் மட்டும் சுமார் 6 லட்சம் பேருக்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டது. ஆண்களுக்குப் பெண்களைவிட மூன்று நான்கு மடங்கு அதிகம் வருகிறது. முதல் காரணம் புகைபிடித்தல். புகையிலிருந்து ரத்தத்தில் கலக்கும் விஷப் பொருள்களைச் சிறுநீரகம் வடிகட்டிப் பைக்கு அனுப்புகிறது. அங்கே அவை மணிக்கணக்கில் தங்கி உள்தோலை அரிக்கின்றன. சாயத் தொழிலும் ஒரு காரணம். ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் 1895-லேயே சாயப் பட்டறைத் தொழிலாளர்களிடம் இந்த நோயைக் கண்டு எழுதினார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பெரிய கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தின் சமையல் புத்தகம் அலமாரியில் பூட்டி இருக்கிறது. அதுதான் டி.என்.ஏ. அதை யாரும் சமையற்கட்டுக்கு எடுத்துப் போவதில்லை. இன்றைக்கு வேண்டிய பதார்த்தத்தின் குறிப்பை மட்டும் ஒரு சீட்டில் எழுதி அனுப்புகிறார்கள். அந்தச் சீட்டுதான் ஆர்.என்.ஏ. சீட்டைப் பார்த்துச் சமைக்கிற பரிசாரகர் ரைபோசோம். சமைத்து வைத்த பதார்த்தம் புரதம். இந்தப் பரிசாரகரின் அமைப்பை விளக்கியதற்காகத்தான் சிதம்பரத்தில் பிறந்து பரோடாவில் வளர்ந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2009-ல் வேறு இருவரோடு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கல்யாண வீட்டில் இன்னொருவரும் உண்டு. அவர் சமைக்கவும் மாட்டார், குறிப்பு எழுதவும் மாட்டார். சமையற்கட்டு வாசலில் நின்றுகொண்டு, "இந்தச் சீட்டை உள்ளே கொடு, அதைக் கிழித்துப் போடு, பாயசம் இன்னும் ஒரு அண்டா ஆகட்டும்" என்று மேற்பார்வை பார்க்கும் மாமா! ஆர்.என்.ஏ.யை ஆளும் புரதங்கள் அந்த மாமாக்கள்தான். மனித உடலில் இப்படி ஆர்.என்.ஏ.யைப் பிடித்து வேலை வாங்கும் புரதங்கள் சுமார் 1,500 வகை இருக்கின்றன.

இவர்கள் செய்யும் காரியங்கள் பல. ஒரு சீட்டில் வேண்டாத வரிகளை வெட்டி, வேண்டியதை ஒட்டுவது ஒன்று. வெட்டும் இடம் மாறினால் ஒரே சீட்டிலிருந்து இரண்டு விதமான பதார்த்தம் வரும். சீட்டு எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று தீர்மானிப்பது இன்னொன்று. சில சீட்டுகள் அரை மணியில் கிழிக்கப்படும், சில நாள்கணக்கில் நிற்கும். மூன்றாவது காரியம்தான் மிகவும் சுவாரசியமானது. கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில் மஞ்சள் தடவுகிறோம் அல்லவா? எழுத்து மாறுவதில்லை, ஆனால் பார்த்தவுடன் இது சுபகாரியம் என்று தெரிந்துவிடுகிறது. அதுபோல ஆர்.என்.ஏ.யின் மேல் வைக்கப்படும் ஒரு சிறு ரசாயனப் பொட்டு உண்டு. எம்-6-ஏ என்று பெயர். 1974-லேயே இதைப் பார்த்துவிட்டார்கள், ஆனால் வெகுகாலம் யாரும் பொருட்படுத்தவில்லை. இந்தப் பொட்டை அழிக்கவும் ஒரு புரதம் உண்டு என்று 2011-ல் தெரிந்த பிறகுதான் இந்தத் துறை சூடுபிடித்தது. அந்தப் புரதம் எஃப்.டி.ஓ. அதன் ஜீன் உடல் பருமனோடு சம்பந்தப்பட்டது என்று ஏற்கெனவே 2007-ல் தெரிந்திருந்தது.

ஆக, பொட்டு வைப்பவர்கள், அழிப்பவர்கள், பார்த்து நடப்பவர்கள் என்று மூன்று கட்சி. வைப்பவர்களில் முக்கியமானவர் மெட்டில்-3. அவருக்குக் கூடவே நின்று கைகொடுப்பவர் மெட்டில்-14.

சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் என்ன ஆகிறது? கட்டியின் திசுக்களில் மெட்டில்-3 அளவுக்கு மேல் இருப்பதை 2019-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. செல்லைப் பெருகச் சொல்லும் மிக் என்ற புரதம் அதனால் கூடுகிறது. பெருக்கத்துக்குப் பிரேக் போடும் பி-டென் குறைகிறது. முகூர்த்தம் முடிந்து சம்பந்திகளும் ஊருக்குப் போன பிறகும் அண்டா அண்டாவாகப் பாயசம் கொதித்துக்கொண்டே இருக்கிற நிலைமை.

ஹெச்.யு.ஆர். என்று இன்னொருவர். சீட்டு கிழியாமல் காப்பது அவர் வேலை. சாதாரணமாக அவர் செல்லின் உட்கருவுக்குள்ளேயே பெரும்பாலும் இருப்பார். பல புற்றுநோய்களில் வெளியே வந்து உட்கார்ந்துகொண்டு, கிழிக்க வேண்டிய சீட்டுகளையும் கிழிக்கவிடாமல் பிடித்துக்கொள்கிறார். வெட்டி ஒட்டுவதில் பங்குள்ள ஆர்.பி.எம்.-10 என்ற புரதத்தின் ஜீனே சில சிறுநீர்ப்பைக் கட்டிகளில் பழுதாகி இருப்பதை, அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான கட்டிகளைப் பரிசோதித்த பெரிய திட்டம் ஒன்று கண்டது.

ஆனால் ஒரு புதிரும் உண்டு. மெட்டில்-3-ன் ஜோடியான மெட்டில்-14 இதே நோயில் குறைந்து காணப்படுகிறது, அது கட்டியை அடக்குகிறது என்று அதே 2019-ல் இன்னொரு குழு எழுதியது. ஒரே வேலையைச் சேர்ந்து செய்யும் இருவரில் ஒருவர் வில்லன், மற்றவர் காவலரா? பொட்டு என்பது நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. எந்தச் சீட்டில் இருக்கிறது, யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்தச் சீட்டு நீடிக்கலாம், சீக்கிரம் கிழியவும் செய்யலாம். விஞ்ஞானம் இப்படித்தான் முன்னேறும். பத்திரிகையில் "புற்றுநோய்க்குக் காரணம் கண்டுபிடிப்பு" என்று ஒரு வரிச் செய்தி வந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து வந்துவிட்டதா என்று கேட்பீர்கள். மெட்டில்-3-ஐத் தடுக்கும் ஒரு பொருள் ரத்தப் புற்றுநோய் உள்ள எலிகளில் பலன் தந்ததாக 2021-ல் செய்தி வந்தது. அந்த வகை மருந்து ஒன்றை மனிதர்களிடம் சோதிப்பது 2022-ல் தொடங்கியது. சிறுநீர்ப்பைக்கு இது இன்னும் வைத்தியமாக வரவில்லை. யாராவது ஆர்.என்.ஏ. சிகிச்சை என்று பணம் கேட்டால் உங்கள் டாக்டரைக் கலக்காமல் கொடுக்காதீர்கள். சிறுநீரிலுள்ள ஆர்.என்.ஏ.யை அளக்கும் பரிசோதனைகளும் வெளிநாடுகளில் உண்டு. ஆனாலும் சிஸ்டோஸ்கோப்பி என்னும் குழாய் வழியே டாக்டர் கண்ணால் பார்ப்பதற்கு அவை இன்னும் முழு மாற்று ஆகவில்லை.

வந்திருப்பதோ பழைய, எளிமையான வைத்தியம். சுமார் நான்கில் மூன்று பேருக்கு நோய் உள்தோலோடு நிற்கும்போதே தெரிந்துவிடுகிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, தேவைப்பட்டவர்களுக்கு, குழந்தைகளுக்குக் காசநோய் வராமல் போடுகிறோமே, அதே பி.சி.ஜி. மருந்தைப் பைக்குள் செலுத்துகிறார்கள். கனடாவில் மொராலஸ் என்ற டாக்டர் 1976-ல் இதன் பலனை வெளியிட்டார். இன்றும் இதுவே முக்கிய வைத்தியம். தசைக்குள் இறங்கிவிட்டால் பையையே எடுக்க வேண்டி வரலாம். இந்த இரண்டு நிலைக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் நாம் வீணாக்கும் மாதங்கள்தான்.

அதனால் கடைசியாகச் சில வார்த்தைகள். வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் ஒரே ஒரு தடவை வந்தாலும் டாக்டரிடம் போங்கள். பெரும்பாலும் கல்லோ, தொற்றோ, புராஸ்டேட் வீக்கமோதான் காரணமாக இருக்கும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர், நாம் அல்ல. "உஷ்ணம், பார்லி கஞ்சி குடித்தேன், மறுநாள் நின்றுவிட்டது" என்று இருந்துவிடக் கூடாது. இந்த நோயில் ரத்தம் தானே நிற்கும், மாதம் கழித்து வரும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன், அதனால்தான் என்றும் தீர்மானிக்க வேண்டாம். மாமிகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். யூரின் இன்ஃபெக்ஷன் என்று திரும்பத் திரும்ப மாத்திரை கொடுத்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால், சிறுநீரக நிபுணரைப் பார்க்கக் கேளுங்கள். பிள்ளையிடமோ நாட்டுப்பெண்ணிடமோ சொல்ல வெட்கம் வேண்டாம்.

ஏற்கெனவே வைத்தியம் ஆனவர்கள் டாக்டர் சொன்ன தேதியில் சிஸ்டோஸ்கோப்பிக்குப் போய்விடுங்கள். மறுபடி தலைகாட்டுவது இந்த நோயின் சுபாவம். பிள்ளையைப் பார்க்க ஆறு மாதம் அமெரிக்கா போவதானால், முதலில் டாக்டர் கொடுத்த தேதியைப் பாருங்கள், பிறகு டிக்கெட் போடுங்கள். சிகரெட் பிடிப்பவர்கள் இன்றே விடுங்கள். எந்த வயதில் விட்டாலும் லாபம் உண்டு.

சமையற்கட்டு வாசலில் நிற்கும் மாமாக்களை விஞ்ஞானிகள் பார்த்துக்கொள்வார்கள். நம் வீட்டில் நடப்பதைக் கவனிப்பது நம் பொறுப்பு.