வீட்டில் கற்கும் இளஞ்சிறார்க்கு நூல் தேர்ந்தெடுத்தல்
(ஜமாஅத் பெற்றோர் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

'இல்லத்தில் கல்வி' என்னும் விரிந்த தலைப்பை நிர்வாகம் எங்களிடம் தந்தது. அதனை நாங்கள் சற்றுச் சுருக்கிக்கொண்டோம். மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளை வீட்டில் அமர்த்திப் படிக்கச் சொல்லித்தரும் தாய், எந்த வாசிப்பு நூலை வாங்குவது, எந்தப் பயிற்சி நூலைத் தவிர்ப்பது என்பது மட்டுமே இன்றைய பேச்சு.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நம் குடும்பங்கள் பலவற்றில் அத்தா வளைகுடா நாட்டில் இருக்கிறார். பணம் அங்கிருந்து வருகிறது. படிப்பு அடுப்படி ஓரத்தில் நடக்கிறது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1 அன்றுதான் திறக்கப்பட்டன. ஏறத்தாழ பத்தொன்பது மாதங்கள் ஒவ்வொரு வீடும் பள்ளிக்கூடமாகவே இருந்தது. அதன் விளைவை நாம் அறிவோம். பிரதம் நிறுவனத்தின் ஏசர் அறிக்கையின்படி, தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க இயன்றோர் 2018இல் நூற்றுக்குப் பத்துப் பேர். 2022இல் ஐந்து பேருக்கும் குறைவு. பத்து என்பதே பெருமைப்படத்தக்க எண் அன்று. ஆகவே பழியெல்லாம் தொற்றுநோய்க்கே உரியது என்று கூறி நாம் தப்பித்துக்கொள்ள இயலாது.

படிநிலை நூல் என்பது நமக்குப் புதிதன்று. மக்தபில் ஓதும் காயிதாவை எண்ணிப் பாருங்கள். முதலில் தனி எழுத்து. பின்னர் சேர்த்தெழுதிய எழுத்து. பின்னர் ஜபர், ஜேர், பேஷ். அதன் பின்னரே ஜஸ்மும் ஷத்தும். முதல் நாளிலேயே அம்ம ஜுஸ்வைக் கையில் கொடுத்து ஓது என்று சொல்லும் உஸ்தாத் எவருமில்லை. பிள்ளைக்கு ஏழு வயதாகிவிட்டது என்பதற்காகக் காயிதாவில் பத்துப் பக்கங்களைத் தாண்டிச் செல்வோரும் இல்லை. எந்தப் பக்கத்தில் நிற்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்தே ஓதல் தொடரும். ஆனால் தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் புத்தகம் வாங்கக் கடைக்குச் செல்லும்போது மட்டும், "இரண்டாம் வகுப்புக்கு ஒன்று கொடுங்கள்" என்கிறோம்.

பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதை அறிவது எளிது. ஏசர் ஆய்வாளர்கள் கையாளும் வாசிப்புப் படிகளையே நாமும் கையாளலாம். முதலில் சில எழுத்துகள், அடுத்துச் சில எளிய சொற்கள், அடுத்து நான்கு வரியுள்ள சிறு பத்தி, முடிவில் ஒரு சிறு கதை. எந்த இடத்தில் பிள்ளை நின்றுவிடுகிறதோ அதுவே அதன் படி. அரை மணி நேரம்கூட ஆகாது. தமிழ்நாடு அரசு 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சி நூல்களும் இவ்வடிப்படையிலேயே அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாக அமைந்தன. மூன்றாம் வகுப்புப் பிள்ளையாயினும் எழுத்தில் தடுமாறினால் அரும்பிலிருந்தே தொடங்கும். இதில் வெட்கப்பட ஏதுமில்லை என்பதைப் பிள்ளையைவிடப் பெற்றோருக்கே முதலில் எடுத்துரைக்க வேண்டியுள்ளது.

இனித் தமிழ் எழுத்து. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247ஐயும் மனனம் செய்த பிறகே சொல்லுக்குச் செல்லும் நூல்கள் இன்றும் கடைகளில் தொங்குகின்றன. அவற்றை வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ட, ப, ம, ர ஆகிய நான்கு எழுத்துகளும் அவற்றின் மேல் வைக்கும் புள்ளியும் தெரிந்தாலே படம், மரம், பட்டம், மட்டம், பம்பரம் என்று பிள்ளை வாசிக்கத் தொடங்கிவிடும். க, ல ஆகிய இரண்டையும் சேர்த்தால் கல், பல், பகல், கப்பல். நம் சாத்தனூர்க் கல்மரமும் வந்துவிடும். பம்பரம் என்னும் சொல்லில் முதற் பகரம் ஒருவிதமாகவும் மகரத்தை அடுத்த பகரம் வேறுவிதமாகவும் ஒலிப்பதைக் கவனியுங்கள். இதற்கு விதி சொல்லி விளக்கத் தேவையில்லை. காதால் கேட்டுப் பழகிய சொல்லாதலால் பிள்ளையின் நாக்கே சரிசெய்துகொள்ளும். ஆகவே முதல் நூலில் வரும் சொற்கள் வீட்டிலும் தெருவிலும் புழங்குபவையாக இருத்தல் வேண்டும். வெங்காயம், மக்காச்சோளம், ஏரி ஆகியவற்றை அறிந்த பிள்ளைக்குப் பனிமனிதன் படம் போட்ட நூல் எதற்கு?

அட்டையில் 'நிலை 1' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பியும் வாங்கலாகாது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளமாக இலவசமாகக் கிடைக்கின்றன; நல்ல முயற்சி. அங்கே முதல் நிலை என்பது 250 சொற்களுக்கு உட்பட்ட கதை. ஆனால் தமிழில் சொற்களின் எண்ணிக்கை மட்டும் போதிய அளவுகோலாகாது. 'போய்க்கொண்டிருந்தான்' என்பது ஒரே சொல், எழுத்தோ பத்து. மொழிபெயர்ப்புக் கதைகளில் இத்தகைய நெடுஞ்சொற்கள் முதல் நிலையிலும் நுழைந்துவிடுகின்றன. எனவே ஒரு பக்கத்தைப் பிள்ளையை வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, தடுமாறும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்குங்கள். முழுப் பக்கமும் எழுத்தாயிருப்பின் ஐந்து விரலும் மடங்கும் நூல் இப்போதைக்கு வேண்டாம். இருபது முப்பது சொற்களே உள்ள படக்கதையாயின் மூன்று விரலே அதிகம். அந்நூலை ஒதுக்கிவிடவும் வேண்டாம். தாய் வாசிக்கப் பிள்ளை கேட்கட்டும்.

பயிற்சி நூல்களைப் பற்றி நாங்கள் சற்றுக் கடுமையாகவே பேச விரும்புகிறோம். பளபளப்பான தாளில் புள்ளிகளை இணை, வண்ணம் தீட்டு, கோட்டின் மேல் எழுது என்று நூறு பக்கம். விரல் உறுதிப்படாத நான்கு வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலக் கூட்டெழுத்து. ஒரு தாய் எங்களிடம் காட்டிய நூலில் தொண்ணூறு பக்கங்கள் நிரம்பியிருந்தன; அந்தப் பிள்ளைக்கோ தன் பெயரை எழுதத் தெரியவில்லை. பக்கம் நிரம்புவதும் பாடம் ஏறுவதும் ஒன்றல்ல. பிள்ளை தானாக ஒரு சொல்லையோ வாக்கியத்தையோ யோசித்து எழுதும் இடம் அந்நூலில் உண்டா என்று புரட்டிப் பாருங்கள். இல்லையெனில் அந்தப் பணத்திற்கு நான்கு கதைநூல்கள் வாங்கலாம். கை பழகுவதற்குத் தட்டில் பரப்பிய அரிசியோ மணலோ போதும்.

ஒரு நாற்பது பக்க நோட்டில், பிள்ளை சொல்லும் வாக்கியத்தைத் தாய் பெரிய எழுத்தில் எழுதி, அதற்குப் பிள்ளையே படம் வரையட்டும். 'அத்தா போன் பண்ணினார்', 'ஆடு குட்டி போட்டது' என்று பத்துப் பக்கம் சேர்ந்தால் அதைவிடப் பொருத்தமான முதல் வாசிப்பு நூல் எந்தக் கடையிலும் இல்லை.

ஆங்கிலத்திற்கு வெளிநாட்டிலிருந்து வருவோர் படிநிலைத் தொகுப்புகளைக் கொண்டுவருகின்றனர். 1964இல் வெளிவரத் தொடங்கிய லேடிபேர்ட் 'பீட்டர் அண்ட் ஜேன்' வரிசை 12 நிலைகளையும் 36 நூல்களையும் கொண்டது. சில சொற்களையே திரும்பத் திரும்பக் கையாள்வது அதன் சிறப்பு. கதைச்சுவை குறைவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 36ஐயும் ஒருசேர வாங்கி அடுக்காமல், முதல் நிலையின் மூன்று நூல்களை முடித்த பிறகு அடுத்ததற்குச் செல்லுங்கள். அதுவும் தமிழில் ஒரு பத்தியைத் தடையின்றி வாசித்த பின்னரே என்பது எங்கள் பரிந்துரை.

பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிப்பது குறித்துச் சிலர் கேட்டனர். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ளோர்க்கானது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதப் பதினான்கு வயது நிறைந்திருக்க வேண்டும். இவற்றை மனத்திற்கொண்டு முடிவெடுங்கள். இன்று நாங்கள் கூறியவை பள்ளி செல்லும் பிள்ளைக்கும் மாலை நேரத்தில் பயன்படும்.

நூல்களைப் பார்த்து வாங்க, 2012இல் தொடங்கிய பெரம்பலூர் புத்தகத் திருவிழா நல்ல வாய்ப்பு; நடைபெறும் ஆண்டுகளில் பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இரு மாவட்டத் தலைநகரங்களின் மைய நூலகங்களிலும் சிறுவர் நூல்கள் உண்டு. மதரஸா அறையில் ஓர் அலமாரியை ஒதுக்கித் தருமாறு நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம். நூல்களை வகுப்பு வாரியாக அல்லாமல் எழுத்து, சொல், பத்தி, கதை என நான்கு தட்டுகளில் அடுக்கி வைப்போம். சனி, ஞாயிறு அஸருக்குப் பின் வீட்டுக்கு இரண்டு நூல்கள் வீதம் எடுத்துச் செல்லலாம். நன்கொடையாளர்கள் பயிற்சி நூல்களைத் தவிர்த்துக் கதைநூல்களாகவே தந்துதவுமாறு வேண்டுகிறோம். கீழிரண்டு தட்டுகளுக்கே முதலில் நூல் தேவை.